கால்சியமும் சர்க்கரையும் ஒரே தாளில் வரட்டும்: டயாலிசிஸ் மருத்துவர்களுக்கும் சர்க்கரை மருத்துவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

டயாலிசிஸ் பிரிவுகளை நடத்தும் சிறுநீரக மருத்துவர்களுக்கும், சர்க்கரை நோய் மருத்துவர்களுக்கும், அவர்களோடு வேலை பார்க்கும் டெக்னீஷியன்கள், செவிலியர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓர் ஆய்வக நுட்புநர். ரத்தம் எடுப்பது, மெஷினில் ஓட்டுவது, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது என் வேலை. மருந்து எழுதுவது என் வேலை அல்ல, அந்த எல்லை எனக்குத் தெரியும். ஆனால் ஒரே ஆளுடைய ரத்தம் என் மேசைக்கு இரண்டு சீட்டுகளோடு வருவதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டயாலிசிஸ் பிரிவின் சீட்டில் யூரியா, கிரியாட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின் இருக்கும், சில மாதங்களில் கால்சியமும் இருக்கும். சர்க்கரை மருத்துவரின் சீட்டில் வெறும் வயிறு, சாப்பிட்ட பின், மூன்று மாத சராசரி. இரண்டு ரிப்போர்ட்டும் இரண்டு உறைக்குள் போய், நோயாளியின் பையில் ஒன்றாகக் கிடக்கும். ஒரே மேசையில் இரண்டையும் விரித்து யாரும் பார்ப்பதில்லை. என் அண்ணனும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர் என்பதால், இந்தப் பிரச்சினையை மெஷின் பக்கம் இருந்தும் பார்க்கிறேன், கட்டில் பக்கம் இருந்தும் பார்க்கிறேன்.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். சிறுநீரகம் செயலிழந்த ஒருவரின் கால்சியக் கணக்கையும் சர்க்கரைக் கணக்கையும் ஒரே தாளில் எழுதுங்கள். கால்சியத்தோடு அல்புமின் என்ற ரத்தப் புரதம், பாஸ்பரஸ், கால்சியத்தை ஆளும் பி.டி.எச். ஹார்மோன், வைட்டமின் டி. சர்க்கரையோடு இன்சுலின் அளவு, டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடுத்த ரீடிங். அதன் பக்கத்திலேயே அன்றைக்கு மெஷினில் ஓடிய திரவத்தில் கால்சியம் எவ்வளவு, குளுக்கோஸ் எவ்வளவு என்பது. அந்தத் தாள் இரண்டு மருத்துவர்களிடமும் போகட்டும். ஏன் என்பதை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன்.

முதலில் சர்க்கரை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வு 2023-இல் சொன்னது. டயாலிசிஸ் கட்டிலுக்கு வருகிறவர்களில் பெரும்பங்கு அந்த வழியாகத்தான் வருகிறது. அப்படி வந்தவர்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு: "இப்பல்லாம் சுகரே இல்லைங்க, மாத்திரையே நிறுத்தியாச்சு." சிலர் ஆவாரம்பூ கஷாயத்துக்கு நன்றி சொல்வார்கள், சிலர் யாரோ கொடுத்த சூரணத்துக்கு. உண்மையில் நடப்பது வேறு. கணையம் சுரக்கும் இன்சுலினில் பாதியளவைக் கல்லீரல் முதலிலேயே எடுத்துவிடும். மீதியைச் சிதைத்து வெளியேற்றும் வேலையில் பெரும்பங்கு சிறுநீரகத்துக்கு. ஊசியில் போடும் இன்சுலினோ நேராகப் பொது ரத்த ஓட்டத்தில் கலப்பதால், அதில் சிறுநீரகத்தின் பங்கு இன்னும் அதிகம். சிறுநீரகம் படுத்துவிட்டால் காலையில் போட்ட ஊசி மாலை வரைக்கும் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். அதோடு, நாம் பட்டினி கிடக்கும் நேரத்தில் குளுக்கோஸ் தயாரிப்பது கல்லீரல் மட்டும் அல்ல, சிறுநீரகமும் ஒரு பங்கு தயாரிக்கிறது. அந்தப் பங்கும் போய்விடுகிறது. பசியும் குறைந்துவிடுகிறது. மூன்றும் சேர்ந்தால் சுகர் இறங்கத்தான் செய்யும். அதைக் குணம் என்று கொண்டாடுகிற வீட்டுக்கு, சிறுநீரகம் இன்னும் மோசமாகிவிட்டது என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. யூரியா ஏறிய உடம்பில் தசைகள் இன்சுலினுக்குச் சரியாக மசியாது. ரத்தத்தில் அமிலம் கூடினால் அது இன்னும் மோசமாகும். ஆக, ஒரு பக்கம் இன்சுலின் வேலை செய்ய மறுக்கிறது, இன்னொரு பக்கம் வெளியேறவும் மறுக்கிறது. எந்த நாளில் எது ஜெயிக்கும் என்று கேட்டால் ரீடிங்கைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அண்ணனுக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மையத்தின் பெயர் வேண்டாம், எங்கேயும் நடக்கக்கூடியதுதான். காலையில் வழக்கமான யூனிட் இன்சுலினைப் போட்டுக்கொண்டார். பஸ் போய்விடும் என்று அரை இட்லியோடு எழுந்து ஓடினார். மூன்றாவது மணி நேரத்தில் கொட்டாவி, நெற்றியில் முத்து முத்தாக வியர்வை, நாக்குக் குழறல். பி.பி. 110-க்கு 70. அவருக்கு எப்போதும் 160-க்கு மேலே இருக்கும் என்பதால், பி.பி. இறங்குகிறது என்றே டெக்னீஷியன் தம்பி நினைத்தார். சலைன் விட்டார், கட்டிலின் கால்பக்கத்தைத் தூக்கினார். அவர் செய்தது தப்பில்லை, அவர் படித்தது அதுதான். "சுகர் பாருங்க தம்பி" என்று சொன்னது அண்ணிதான். குளுக்கோமீட்டர் டிராயரில் இருந்தது, சாவி இன்னொரு சிஸ்டரிடம் இருந்தது. சாவி வந்து பார்த்தபோது 46. டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், ஏற்றியதும் பத்து நிமிஷத்தில் எழுந்து, என்ன ஆச்சு என்று கேட்டார்.

கதை அதோடு முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி வீட்டில் சுகர் 310. அண்ணி சர்க்கரை மருத்துவருக்குப் போன் போட்டார். அவர் ராத்திரி டோஸில் நாலு யூனிட் ஏற்றச் சொன்னார். காலையில் 46-க்கு இறங்கியது அவருக்குத் தெரியாது, தெரிவிக்க ஒரு தாளும் கிடையாது. அண்ணி பதற்றத்தில் அதைச் சொல்ல மறந்துவிட்டார், நல்லவேளை ஊசியை ஏற்றவும் இல்லை.

ராத்திரி 310 ஏன் வந்தது என்பதற்கு டயாலிசிஸ் திரவத்திடம் பதில் இருக்கிறது. நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் திரவம் ரத்தத்தை வடிகட்டும் டயலைசர் குழல் வழியாகப் போகிறது. அந்தத் திரவத்தில் டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் இருந்தால், 220 சுகரோடு கட்டிலில் ஏறுகிறவரின் குளுக்கோஸ் திரவத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். குளுக்கோஸே இல்லாத திரவம் என்றால் இன்னும் வேகமாகப் போகும். அதோடு ரத்த ஓட்டத்தில் இருக்கும் இன்சுலினிலும் ஒரு பகுதி வெளியே போகும். நாலு மணி நேரம் சுகர் இறங்கிய உடம்பு அதைச் சமாளிக்க, சுகரை ஏற்றும் எதிர் ஹார்மோன்களைக் கிளப்பும். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டதும் சுகர் எகிறும். அந்த ஒற்றை ராத்திரி ரீடிங்கை வைத்துக்கொண்டு இன்சுலினை ஏற்றினால் மறுநாள் ஆபத்து. டயாலிசிஸுக்கு முந்தைய நாளோடு ஒப்பிட்டால், மறுநாள் அடிப்படை இன்சுலின் தேவை சுமார் கால்பங்கு குறைவதாக 2010-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படியானால் டயாலிசிஸ் நாளுக்கு ஒரு டோஸ், மற்ற நாளுக்கு ஒரு டோஸ் என்று எழுத வேண்டியவர் யார்? சிறுநீரக மருத்துவர் அதைச் சர்க்கரை மருத்துவரின் வேலை என்கிறார். சர்க்கரை மருத்துவருக்கோ மையத்தில் எந்தத் திரவம் ஓடுகிறது என்றே தெரியாது.

அந்தத் திரவத்தின் விவரம் ரகசியம் ஒன்றும் இல்லை. அதைக் கலக்க மெஷினில் மாட்டும் 'பார்ட் ஏ' கேனின் லேபிளில் கால்சியமும் டெக்ஸ்ட்ரோஸும் பக்கத்துப் பக்கத்து வரிகளில் அச்சாகியிருக்கும். என் கோரிக்கையின் பாதி அந்த இரண்டு வரியைப் பார்த்து எழுதுவதுதான். கேன் கம்பெனி மாறும்போது அளவும் மாறலாம். மாறியதை நோயாளியின் தாளில் யாரும் குறிப்பதை நான் பார்த்ததில்லை.

இனி கால்சியத்துக்கு வருகிறேன். ஆய்வக ஆளான எனக்கு இங்கேதான் ஆதங்கம் அதிகம்.

நாம் வெயிலில் பெறும் வைட்டமின் டி, கல்லீரலில் ஒரு மாற்றம், சிறுநீரகத்தில் ஒரு மாற்றம் என்று இரண்டு படி தாண்டித்தான் கால்சிட்ரியால் என்ற செயல்படும் வடிவத்தை அடைகிறது. சிறுநீரகப் படி இடிந்துவிட்டால் குடல் கால்சியத்தைச் சரியாக உறிஞ்சாது. அப்புறம் பாஸ்பரஸ் வெளியேறாமல் தேங்கும். இரண்டையும் பார்த்துக் கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பி.டி.எச். ஹார்மோனைக் கூட்டிக்கொண்டே போகும். எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தில் கால்சியத்தை நிறுத்தப் பார்ப்பது அந்த ஹார்மோனின் குணம். அதனால்தான் ரிப்போர்ட்டில் கால்சியம் 9 என்று அழகாக இருக்கும்போதே உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்க முடியும். கால்சியத்தை மட்டும் பார்த்து "நார்மல்" என்று மடித்து வைத்தால் பி.டி.எச். எங்கே நிற்கிறது என்று தெரியாமலே போய்விடும். டயாலிசிஸில் இருப்பவருக்குக் கால்சியமும் பாஸ்பரஸும் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பி.டி.எச். மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது கேடிகோ என்ற சர்வதேச அமைப்பின் வழிகாட்டி. பி.டி.எச். விலை கூடிய டெஸ்ட்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு மாதத்துக்கு ஒன்று என்றாலும் வருஷத்துக்கு இரண்டுதானே.

இதற்கும் சர்க்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளிகள் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. சம்பந்தம் நேரடியானது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்குள் குளுக்கோஸ் போனதும் அங்கே சக்தி கூடுகிறது. பொட்டாசியம் போகும் வாசல் மூடுகிறது. கால்சியத்துக்கான வாசல் திறக்கிறது. வெளியே இருப்பதைவிட செல்லுக்குள் கால்சியம் ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு, ஆகவே திறந்ததும் அது உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சலே இன்சுலினை வெளியே தள்ளும் விசை. பி.டி.எச். எந்நேரமும் ஏறியே இருந்தால் செல்லுக்குள் ஓய்வு நேரத்திலேயே கால்சியம் கூடிக் கிடக்கும். அப்போது குளுக்கோஸ் வந்து கதவைத் தட்டினாலும் பாய்ச்சல் பழையபடி இருக்காது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதில் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஷாவுல் மாஸ்ரி குழுவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1980-களிலும் 90-களின் தொடக்கத்திலும் அவர்கள் செய்த சோதனைகளில், சிறுநீரகம் பழுதான விலங்குகளில் பாராதைராய்டை எடுத்துவிட்டால் இன்சுலின் சுரப்பு கெடாமல் இருந்தது. செல்லுக்குள் கால்சியம் போவதைத் தடுக்கும் வெரபமில் மாத்திரையும் எலிகளில் அந்தக் கெடுதலைத் தடுத்தது. டயாலிசிஸில் இருந்தவர்களுக்கு ஊசி வழியாகக் கால்சிட்ரியால் கொடுத்ததும் குளுக்கோஸைக் கையாளும் திறன் மேம்பட்டதாக ராபர்ட் மாக் 1992-இல் எழுதினார்.

இவை சிறிய ஆய்வுகள். இவற்றை வைத்துக்கொண்டு கால்சியம் மாத்திரை சர்க்கரை மருந்து என்று யாராவது கிளம்பினால் அதைவிடப் பெரிய தப்பு கிடையாது. தேவைக்கு மேல் போன கால்சியம் இந்த நோயாளிகளின் ரத்தக் குழாய்ச் சுவரில் போய்ப் படியும், இதய வால்விலும் படியும். சர்க்கரையால் ஏற்கெனவே கெட்ட குழாய்களில் அது இன்னும் சுலபமாக நடக்கும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: பி.டி.எச். ஆயிரத்தைத் தாண்டி நிற்கும் ஒருவரின் சுகர் ஏன் கட்டுக்குள் வரமாட்டேன் என்கிறது என்று யோசிக்கும் சர்க்கரை மருத்துவரின் கண்ணில் அந்த பி.டி.எச். ஒருமுறையாவது பட வேண்டும்.

ரிப்போர்ட்டில் உள்ள எண்ணை எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தக் கால்சியத்தில் பாதியளவு மட்டுமே தனியாக உலவும், உடம்புக்கு வேலை செய்வது அதுதான். மீதியில் பெரும்பகுதி அல்புமின் என்ற புரதத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அல்புமின் சிறுநீரில் போய்ப் போய்க் குறைந்திருக்கும். ஒருவருக்குக் கால்சியம் 7.6, அல்புமின் 2.8 என்று வைத்துக்கொள்வோம். அல்புமின் 4-க்குக் குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிக்கொள்வது வழக்கம். கூட்டினால் 8.6 வரும், கவலைப்பட அதிகம் இல்லை. இன்னொருவருக்குக் கால்சியம் 10.2, அல்புமின் 2.6. தாளில் 10.2 நார்மல் கட்டத்துக்குள் இருக்கும், நட்சத்திரக் குறிகூட விழாது. கூட்டிப் பார்த்தால் 11.3. இவர் கால்சியம் மாத்திரையையும் கால்சிட்ரியாலையும் தொடர்ந்து விழுங்கிக்கொண்டிருப்பார். முதல் ஆளுக்குத் தேவையில்லாமல் மாத்திரை ஏறும், இரண்டாவது ஆளுக்கு நிறுத்த வேண்டியது நிற்காது. இந்தக் கூட்டல் கணக்கும் சிறுநீரக நோயாளிகளிடம் அவ்வளவு துல்லியம் இல்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். சந்தேகம் வந்தால் தனியாக உலவும் அந்தப் பகுதியை மட்டும் அளக்கும் அயனிக் கால்சியம் பார்க்கலாம். பல பெரிய மருத்துவமனைகளின் ஐ.சி.யு.வில் இருக்கும் ரத்த வாயு மெஷினே அதைக் காட்டும். ஆனால் அல்புமினே கேட்காமல் கால்சியம் மட்டும் கேட்டு அனுப்பும் சீட்டை வைத்து எந்தக் கணக்கும் போட முடியாது.

எங்கள் பக்கத்துக் குறைகளையும் மறைக்கவில்லை. கையில் கட்டும் டூர்னிக்கே பட்டையை இறுக்கிக் கட்டி நரம்பு தேடிக்கொண்டே இருந்தால் கால்சியம் கொஞ்சம் ஏறிக் காட்டும். ஊதா மூடிக் குழாயில், ரத்தம் உறையாமல் இருக்கக் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. என்ற பொட்டாசிய உப்பு இருக்கிறது. அதில் முதலில் எடுத்துவிட்டு, போதாததற்கு அதிலிருந்தே ஒரு சொட்டைச் சிவப்பு மூடிக் குழாய்க்கு மாற்றினால் கால்சியம் தரைமட்டத்துக்கும் பொட்டாசியம் ஆகாயத்துக்கும் போகும். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து அவசரத்துக்கு ஆளைக் கூப்பிட்ட கூத்தும் உண்டு. சர்க்கரைக்கான சாம்பல் மூடிக் குழாயில் ஃப்ளூரைடும் ஆக்சலேட்டும் இருக்கும். அவை இல்லாவிட்டால் ரத்த அணுக்கள் மணிக்கு ஐந்து, ஆறு சதவீதம் குளுக்கோஸைத் தின்றுவிடும். ஆனால் அதே ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அந்தக் குழாயில் கால்சியம் பார்க்க முடியாது. ஆக, இந்த இரண்டுக்கும் குழாய் வேறாகத்தான் இருந்தாக வேண்டும். தாளும் வேறாக இருக்க வேண்டும் என்று எந்த வேதியியலும் சொல்லவில்லை.

மூன்று மாத சராசரி என்று எல்லோரும் நம்பும் எச்பிஏ1சி பற்றியும் ஒரு வார்த்தை. சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கும் டெஸ்ட் அது. டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சிவப்பணுக்களின் ஆயுள் குறைவு. எரித்ரோபாய்டின் ஊசி புதுப்புது அணுக்களைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். இடையிடையே ரத்தமும் ஏற்றுகிறோம், அது வேறு யாருடைய ரத்தமோ. இத்தனைக்கும் நடுவே வரும் 5.9-ஐப் பார்த்து, "பிரமாதம், இப்படியே வைத்துக்கொள்ளுங்கள்" என்று முதுகில் தட்டி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். ஹீமோகுளோபின் 8 இருக்கும் ஒருவரின் எச்பிஏ1சியை நான் அச்சடிக்கும்போது, பக்கத்தில் ஹீமோகுளோபினையும் கடைசியாக ரத்தம் ஏற்றிய தேதியையும் போட அனுமதி கொடுங்கள். சில இடங்களில் கிளைக்கேட்டட் அல்புமின், அதாவது சர்க்கரை ஒட்டிய அல்புமின், பார்க்க வசதி இருக்கிறது. அது இல்லாவிட்டாலும் விரல் நுனி ரீடிங்குகளின் வரிசையே இவர்களுக்கு அதிக உண்மை சொல்லும்.

மருந்துச் சீட்டுகளில் கண்ணில் படுகிற சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். கிளிபென்கிளமைடு கலந்த பழைய சர்க்கரை மாத்திரைகள் சிறுநீரகம் போன பிறகும் சிலருடைய டப்பாவில் தொடர்கின்றன. அதன் சிதைவுப் பொருட்களே சுகரை இறக்கக்கூடியவை, வெளியேற வழியில்லாமல் அவை தேங்கும். ஒன்றரை நாள் வரைக்கும் சுகர் மறுபடி மறுபடி விழுந்த பாட்டி ஒருவரின் ரத்தம் என் மேசைக்கு ஒரே ராத்திரியில் பல தடவை வந்தது. சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. ஆனால் அதை நிறுத்தச் சொன்னவர் இந்த மருத்துவமனையில், மறுபடி எழுதிக் கொடுப்பவர் வேறு ஊர்க் கிளினிக்கில். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தத் தரும் கால்சியம் கார்பனேட், கால்சியம் அசிடேட் மாத்திரைகளைச் சோற்றோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். அப்போதுதான் அவை உணவில் உள்ள பாஸ்பரஸைப் பிடிக்கும். வெறும் வயிற்றில் போட்டால் பாஸ்பரஸ் அப்படியே இருக்க, கால்சியம் மட்டும் ரத்தத்தில் ஏறும். சீட்டில் 1-1-1 என்று மட்டும் இருந்தால் அண்ணி மாதிரி ஆட்கள் அதைக் காலை காப்பிக்கு முன்னாலேயே கொடுத்துவிடுவார்கள். 'சாப்பாட்டின் நடுவில்' என்று எழுத இரண்டு வினாடி ஆகும்.

நோயாளிகளிடம் யாரும் கேட்காத கேள்விகளும் உண்டு. வெற்றிலை போடும் பாட்டியிடம் சுண்ணாம்பு எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்களா? அது கால்சியம் ஹைட்ராக்சைடு, நாள் முழுக்க உள்ளே போகிறது. வெற்றிலைச் சுண்ணாம்பால் கால்சியமும் காரத்தன்மையும் சேர்ந்து ஏறியவர்கள் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவுகள் இருக்கின்றன. சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம் சாப்பிடுகிறவர்கள் அதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள், திட்டு விழும் என்ற பயம். திட்டாமல் கேட்டால் சொல்வார்கள். கால்சியம் குறைவு என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் பக்கத்து வீட்டு அக்கா கேழ்வரகுக் கூழைச் சிபாரிசு செய்வார். கேழ்வரகில் 100 கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருப்பது உண்மை, கூடவே பாஸ்பரஸும் பொட்டாசியமும் மாவுச்சத்தும் இருக்கின்றன. கால்சிட்ரியால் இல்லாத குடல் அந்தக் கால்சியத்தை எவ்வளவு எடுக்கும் என்பது அக்காவுக்குத் தெரிய வாய்ப்பில்லை. சுகர் இறங்கினால் இளநீர் கொடு, ஆரஞ்சு ஜூஸ் கொடு என்று ஊரெல்லாம் சொல்கிற யோசனை, சிறுநீரகம் போனவருக்குப் பொட்டாசிய ஊசி போடுவதற்குச் சமம். மூன்று ஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ கொஞ்சம் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் போதும் என்று ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் எழுதி ஒட்டலாமே.

கால்சியம் திடீரென்று இறங்கினாலும் ஆபத்துதான். உதட்டைச் சுற்றி மதமதப்பு, விரல் இழுப்பு, இதயத் துடிப்பில் கோளாறு. டயாலிசிஸ் திரவத்தின் பைகார்பனேட் ரத்தத்தின் காரத்தன்மையை ஏற்றும்போது தனியாக உலவும் கால்சியம் இன்னும் குறையும். அதனால் கடைசி மணி நேரத்தில் சிலருக்கு இந்த மதமதப்பு வரும். அந்த நேரத்து வியர்வையும் படபடப்பும் சுகர் இறங்கியதாலா, கால்சியம் இறங்கியதாலா, பி.பி. இறங்கியதாலா என்று பார்வையால் சொல்வது கஷ்டம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவரிடம் படபடப்புகூடத் தெரியாது. எலும்புத் தேய்மானத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒரு ஊசியாகப் போடும் டெனோசுமாப், டயாலிசிஸ் நோயாளிகளின் கால்சியத்தைப் படுபாதாளத்துக்கு இறக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 ஜனவரியில் மருந்தின் அட்டையிலேயே கட்டம் கட்டி எச்சரிக்கச் சொன்னது. அந்த ஊசியைப் போடுகிறவர் பெரும்பாலும் எலும்பு மருத்துவர். இந்த மடலில் மூன்றாவதாக ஒரு துறை நுழைவதை மன்னிக்க வேண்டும், ஆனால் நோயாளிக்கு உடம்பு ஒன்றுதானே.

வயிற்று வழி டயாலிசிஸ் செய்கிறவர்களின் கணக்கு வேறு. அவர்களுடைய பையில் 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று டெக்ஸ்ட்ரோஸ் இருக்கிறது. ஒரு நாளில் 100 முதல் 200 கிராம் வரை குளுக்கோஸ் வயிற்றுச் சவ்வு வழியாக உடம்புக்குள் போகலாம். சோற்றைக் குறைத்தும் சுகர் ஏறுகிறதே என்று புலம்புகிறவரிடம் எந்தப் பை ஓடுகிறது என்று சர்க்கரை மருத்துவர் கேட்டாக வேண்டும். டெக்ஸ்ட்ரோஸுக்குப் பதில் ஐகோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்து உள்ள பை என்றால், சில வகை குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்புகள் அது உடைந்து வரும் மால்ட்டோஸையும் குளுக்கோஸாக எண்ணிப் பொய்யாக ஏற்றிக் காட்டும். அதை நம்பி இன்சுலின் போட்டு உயிர் போனதும் உண்டு. 2009-இல் எஃப்.டி.ஏ. இதற்கு எச்சரிக்கை விட்டது. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து இந்தப் பைகள் வீட்டுக்கே போகின்றன. சுகரும் பி.பி.யும் பார்க்கும் தன்னார்வலர்களும் வீட்டுக்கே வருகிறார்கள். அந்தத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளிடம் கேட்பது: அந்தச் சகோதரிகள் எழுதும் நோட்டில் பையின் சதவீதத்துக்கும், கடைசிக் கால்சியம், பாஸ்பரஸ் அளவுக்கும் ஒரு கட்டம் போட்டுக் கொடுங்கள். கட்டம் இருந்தால் அவர்கள் கேட்டு நிரப்பிவிடுவார்கள்.

மையங்களுக்கு நான் வைக்கும் கோரிக்கைகளில் செலவு வைப்பவை கொஞ்சம்தான். ஊசி போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு சர்க்கரை நோயாளிக்கும் மெஷினில் ஏறுமுன், நடுவில், இறங்கியபின் என்று மூன்று ரீடிங் எடுங்கள். ஸ்ட்ரிப்புக்குப் பணம் யார் கொடுப்பது என்று இழுத்தால் நடுவில் எடுப்பதையாவது விடாதீர்கள். குளுக்கோமீட்டரை டிராயரில் பூட்டாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலோ மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டத்திலோ வருகிறவர் என்றால் கையில் காசு இருக்காது, வெளியே போய் டெஸ்ட் எடுத்து வா என்றால் எடுக்காமலேயே இருந்துவிடுவார். மக்கள் நல்வாழ்வுத் துறை இந்த நோயாளிகளுக்கான மாதாந்திர ரத்தப் பரிசோதனைப் பட்டியலை முடிவு செய்யும்போது கால்சியத்துக்குப் பக்கத்தில் அல்புமினையும் பாஸ்பரஸையும் ஒட்டுப்போட்டே எழுதட்டும். ஒன்றைக் கேட்டால் மூன்றும் ஓட வேண்டும். ஏற்கெனவே எடுத்த அதே சிவப்பு மூடிக் குழாய் போதும், கூடுதலாக ஒரு குத்துகூட வேண்டாம்.

ஆய்வகம் நடத்தும் என் கூட்டாளிகளுக்கும் இதிலேயே சொல்லிவிடுகிறேன். சுகர் 50-க்குக் கீழே, கால்சியம் 6.5-க்குக் கீழே அல்லது 13-க்கு மேலே வந்தால் ரிப்போர்ட் அச்சாகும் வரை காத்திருக்காமல் போனை எடுங்கள். சீட்டில் இரண்டு மருத்துவர் பெயரும் இருந்தால் இரண்டு பேருக்கும் அடியுங்கள். அதற்காகவே சீட்டில் இரண்டாவது பெயருக்கு இடம் விடுங்கள் என்று மருத்துவர்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

மாதிரித் தாள் ஒன்றை ஒரு பக்கத்துக்குள் நானே வரைந்து வைத்திருக்கிறேன். மேலே பெயரும், கூடுதல் நீர் போனபின் இருக்க வேண்டிய உலர் எடையும், நடுவில் மேலே சொன்ன எண்கள், கீழே இன்சுலின் டோஸ் டயாலிசிஸ் நாளுக்கு ஒன்று, மற்ற நாளுக்கு ஒன்று. அண்ணன் போகும் மையத்தின் சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "பாஸ்பரஸுக்கு இன்னும் பெரிய கட்டம் போடுங்க சார், பழைய ரீடிங்கையும் எழுதணும்" என்றார். போட்டுவிட்டேன். வேண்டுகிற மையம் எதுவானாலும் எடுத்துக்கொள்ளலாம், உங்கள் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். அடுத்த மாத ரத்தம் எடுக்கும் வாரத்திலிருந்து தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக நுட்புநர், ஒரு டயாலிசிஸ் நோயாளியின் தம்பி